மந்திரவாதி என்று நான் சொன்ன சொல்

என் சின்னக்குட்டிக்கு, அப்பா சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் முட்டிவலி எங்களைவிடச் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். அடுத்த மாதம் வருகிறீர்கள், ஆனால் விடுதியில் அறை எடுத்திருக்கிறீர்கள் என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாம். அவள் அதை என்னிடம் சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதுபோல உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை ஏன் நம் வாசலை மிதிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியாதா? ஏழு வருடத்துக்கு முன்னால் நீங்கள் கல்யாணத்தைப் பதிந்துவிட்டு வந்து நின்ற அன்று, நாலு பேர் பார்க்க, "என் பொண்ணை மயக்கிட்டான் இந்த மந்திரவாதி" என்று கத்தியவன் நான்தானே.

அந்தச் சொல்லைப் பற்றித்தான் சொல்லவேண்டும். சின்ன வயதில் எனக்கு அது பயம். சோற்றை வாயிலேயே வைத்திருந்தால் "மந்திரவாதி வர்றான் பாரு" என்பார்கள், முழுங்கிவிடுவேன். தச்சுவேலை பழகி, அம்மாவைப் பெற்ற உன் தாத்தாவின் மாயவித்தைக் குழுவுக்குப் பெட்டி செய்யப் போனால், அதே சொல்லைச் சொல்லி ஜனங்கள் அவரைக் கும்பிட்டார்கள். மேடையெல்லாம் நீலப் புகை. உன் அம்மா பெட்டிக்குள் போவாள், தாத்தா கை தட்டுவார், திறந்தால் காலி. போலிப் பலகைக்குப் பின்னால் ஒடுங்கியிருக்கிறாள் என்று செய்தவனுக்குத் தெரியும், ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவள் ஏதோ மேகத்துக்குள் போய்விட்டு வந்ததுபோலவே எனக்கு இருக்கும். அதில் ஒரு தப்பு செய்தேன், வித்தை வெளியே தெரியக்கூடாது என்று அந்தப் பலகைக்குத் தாழ்ப்பாளை உள்பக்கம் மட்டுமே வைத்தேன். ஒருநாள் மழை ஈரத்தில் மரம் உப்பி, தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது. தாத்தா வியர்த்து வழிய ஏதோ பாடிச் சமாளிக்கிறார். நான் மேடைக்கு அடியில் படுத்து, பலகையில் வாயை வைத்து, இடது முழங்கையால் அழுத்து, பயப்படாதே என்றேன். "பயம் ஒண்ணுமில்ல, கால்தான் மரத்துப்போச்சு, நல்லாத்தான் பெட்டி செஞ்சீங்க" என்றாள். தாழ்ப்பாள் விட்டது, நான் அங்கேயே அவளிடம் விழுந்தேன். கல்யாணம் முடித்துப் போய் நின்றபோது தாத்தா, "நான் மறைச்சா திரும்பி வருவா, இந்த மந்திரவாதிப் பய நிஜமாவே மறைச்சுட்டான்" என்றார். எல்லாரும் கும்பிட்ட சொல் என்மேல் விழுந்தபோது எச்சிலாக இருந்தது. கடைசியில் அந்தப் பெட்டியையே எனக்குக் கொடுத்தனுப்பினார், அப்போதும் நான் அவர் வாசலை மிதிக்கவில்லை. அவரும் போய்ச் சேர்ந்தார். அதே சொல்லைத்தான் எடுத்து மாப்பிள்ளைமேல் வீசினேன். அம்மா அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், "எங்கப்பா குரல் அப்படியே இருக்கு உங்களுக்கு."

இப்போது பார், இந்தத் தையல்காரம்மா போன் ரிப்பேர்க்காரரை, "அவர் மந்திரவாதிங்க, தொட்டாலே சரியாயிடுது" என்று புகழ்கிறாள். சொல் அது பாட்டுக்கு மாறிக்கொண்டே போகிறது, நான் சொன்னது மட்டும் ஏழு வருடமாக வாசலிலேயே நிற்கிறது.

போன வாரம் மதியம் கண்ணயர்ந்தேன். அறையெல்லாம் நீலப் புகை, நடுவில் பெட்டி, உள்ளேயிருந்து மாப்பிள்ளை, "மாமா, வெளிய வரலாமா" என்று மெதுவாகக் கேட்கிறார். பலகை முழுக்கத் தடவுகிறேன், தாழ்ப்பாளே அகப்படவில்லை. எழுந்ததும் பெட்டியிலிருந்த போர்வைகளை வெயிலில் போட்டுவிட்டு, வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்தேன். "இனிமே இதுல வித்தை காட்ட முடியாதே" என்றாள் அம்மா. காட்டினது போதும் என்றேன்.

இதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு. நான் சொன்னது தப்பு, மன்னிக்கச் சொல். போர்வை காய்ந்துவிட்டது, உங்களுக்காக மடித்து வைத்திருக்கிறேன். மனசு வராவிட்டால் வரவேண்டாம், விடுதி எந்தத் தெரு என்று மட்டும் எழுது, அந்த வாசலை நான் வந்து மிதிக்கிறேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இரண்டு பேரும் ஒருவர் கண்ணிலிருந்து ஒருவர் மறையாமல் நெடுநாள் வாழுங்கள்.

இப்படிக்கு, வலது கட்டைவிரலை மரம் சீவும் இழைப்புளிக்குக் கொடுத்துவிட்டு இடதால் கைநாட்டு வைக்கும் உன் அப்பா.