கோட்டுக்காரர் இருக்கட்டுமா, போகட்டுமா

ஆகஸ்ட் 14

அன்புள்ள சின்னுவுக்கு,

அண்ணி எழுதுவது. நானும் உன் அண்ணனும் நலம். அத்தையின் கண் எப்படி இருக்கிறது, சொட்டு மருந்தை வேளைக்கு விடுகிறாயா என்பதெல்லாம் போனில் கேட்டாகிவிட்டது. இது பந்துக் கடிதம். உன் அண்ணன் போட்ட சட்டம் ஞாபகம் இருக்கிறதல்லவா? நீ வெளியூரில் லென்ஸ் பயிற்சிக்குப் போயிருந்தபோது நம் கால்பந்து கிளப்பின் மேனேஜர் கோட்டுக்காரரைப் பற்றிப் போனில் சண்டை போட்டு, ஆறு வாரம் முகம் திருப்பிக்கொண்டிருந்தோம். நடுவில் தூது போன மனிதர் இளைத்தே போனார். அதிலிருந்துதான் வீட்டு விஷயம் போனில், பந்து விஷயம் தபாலில். "எழுதும்போதாவது ரெண்டு பேரும் மூச்சு விடுவீங்க" என்றாரே, பாவம்.

இந்த ஊர் டிப்போவிலும் எனக்கு அதே வேலைதான். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று குறிக்க வேண்டும். கண்ணாடிக் கூண்டு மட்டும் புதிது. மதியத்துக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது. ஆட்டக்காரர்களைத்தான் டிரான்ஸ்ஃபர் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் என்னையும் செய்தார்கள். எனக்காக ஒரு ரசிகரும் கோஷம் போடவில்லை.

இன்னும் மூன்று வருஷம். அப்புறம் வந்துவிடுவேன். அதுவரை மைதானத்தில் நம் இரண்டு சீட்டையும் விட்டுவிடாதே. ஜோடி அட்டை, ஒன்றை விட்டால் இரண்டும் போய்விடும். ஜனவரியில் புதுப்பிக்கும் படிவம் வந்தால் எனக்கு அனுப்பு, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். என் சீட் சும்மா கிடக்க வேண்டாம், தெரிந்தவர் யாரையாவது உட்கார வைத்துக்கொள்.

கோட்டுக்காரருக்கு இது இருபத்தோராவது வருஷம். மேனேஜர் என்றால் அவர்தான் மேனேஜர். நம்முடையது போன்ற ஒரு சின்ன கிளப்பைக் கீழ் டிவிஷனுக்கு இறங்க விடாமல் பிடித்து வைத்திருக்கிறாரே, அது போதாதா? நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "அவர் மேனேஜர் இல்ல அண்ணி, மழைக்கு ஒதுங்கினவர். மழை விட்டும் போகல." சொல்லிக்கொள். அதைக் கேட்காமல் எனக்குச் சனிக்கிழமை சனிக்கிழமையாகவே இல்லை.

அன்புடன்,
அண்ணி

செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

முதல் ஆட்டம் டிரா. இரண்டாவதில் ஜெயித்தோம். வாத்து இடது ஓரத்தில் ஓடினான் பாருங்கள், அந்த இடுப்பை ஆட்டிக்கொண்டே ஓடுகிற ஓட்டத்தில் இரண்டு பேர் தடுக்கி விழுந்தார்கள். ஆனால் ஒரு கெட்ட செய்தி அடிபடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிளப் அவனைக் கேட்கிறதாம். நம்மவர்கள் விற்றாலும் விற்பார்கள்.

நீங்கள் சொன்னபடி உங்கள் சீட்டுக்கு ஆள் போட்டாயிற்று. நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கண்ணாடி மாற்ற வருகிற பல் டாக்டரம்மா. நல்ல மாதிரி. வீட்டிலிருந்து ஒரு மெத்தைத் திண்டு எடுத்து வந்து போட்டுக்கொண்டு உட்காருகிறார். எனக்கும் ஒன்று கொண்டு வந்தார். வாய் ஓயாமல் பேசுகிறார். நாள் முழுக்க அடுத்தவர்கள் வாயைத் திறந்து வைத்துக்கொள்ள, இவர் பேசியே பழகிவிட்டார்போல.

இன்னொன்று, சிரிக்கக் கூடாது. சனிக்கிழமை பின்வரிசையில் யாரோ கோட்டுக்காரரைத் திட்டினார்கள். நான் திரும்பி, "சும்மா இருங்க, அவருக்குத் தெரியும்" என்றேன். என் வாய்தானா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

அம்மா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். போனில் சொல்ல மறந்துவிட்டேன், அதனால் சட்டம் மீறி இங்கே எழுதுகிறேன்.

அன்புடன்,
சின்னு

செப்டம்பர் 20

அன்புள்ள சின்னுவுக்கு,

மெத்தைத் திண்டா? பத்தொன்பது வருஷம் நாம் செய்தித்தாளை மடித்துப் போட்டு உட்கார்ந்தோம். யாருக்கும் இடுப்பு ஒடியவில்லை. பல் டாக்டரம்மாவுக்கு மட்டும் என்ன, பஞ்சில் செய்த உடம்பா?

யாரையாவது உட்கார வைத்துக்கொள் என்று நான்தான் எழுதினேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யாரையாவது என்றால் ஒருவாரம் ஒருத்தர், மறுவாரம் இன்னொருத்தர் என்று நினைத்தேன். இப்படி ஒரே ஆள் வாராவாரம் திண்டோடு வந்து குடியேறுவார் என்று யார் கண்டது? ஃப்ளாஸ்க் டீயை யார் ஊற்றுகிறார்கள்? நாம் இரண்டு பேரும் குடிக்கிற அந்த மூடியில் யார் குடிக்கிறார்கள்? இதற்கு மட்டும் பதில் எழுது.

பொறாமை என்று நினைக்காதே. சரி, பொறாமைதான். போன சனிக்கிழமை, அங்கே ஆட்டம் தொடங்குகிற மூன்று மணிக்கு, ஒரு பஸ்ஸின் நேரத்தைத் தப்பாகக் குறித்துவிட்டேன். இந்த வேலையில் இருபத்தெட்டு வருஷத்தில் அது முதல் தடவை. டிரைவர் வந்து, "என்னம்மா, நான் கிளம்பறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டேனா?" என்று சிரிக்கிறார். எனக்கு அழுகை வந்தது.

அண்ணி

நவம்பர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

மூடியில் நான்தான் குடிக்கிறேன். அவருக்குக் காகிதக் கோப்பை. போதுமா?

வாத்து போய்விட்டான். புதன்கிழமை கையெழுத்து ஆனது, சனிக்கிழமை அந்தப் பக்கத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு நமக்கு எதிராகவே இறங்கினான். ஒரு கோலும் போட்டான். போட்டுவிட்டுக் கொண்டாடாமல் தலையைக் குனிந்துகொண்டான். திட்டக்கூட முடியவில்லை.

இப்போது மைதானமே "கோட்டைக் கழற்று" என்று கத்துகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது அண்ணி. வாத்தை விற்றது நிர்வாகம், அவரா விற்றார்? கையில் இருப்பதை வைத்துத்தானே அவர் ஆட்டத்தைக் கட்ட முடியும்? ஆமாம், நான்தான் எழுதுகிறேன். நான் இப்போது கோட்டுக்காரர் பக்கம்.

டிசம்பர் ஆறாம் தேதி உறுப்பினர் கூட்டம். அவர் இருக்கலாமா, போகலாமா என்று வோட்டு. வர முடியாதவர்கள் கடிதம் அனுப்பலாம், செயலாளர் மேடையில் வாசிப்பார். நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். கோட்டுக்காரருக்காக எல்லோரிடமும் மல்லுக்கு நின்றவர் என்று உங்களை அங்கே அத்தனை பேருக்கும் தெரியும்.

அன்புடன்,
சின்னு

நவம்பர் 11

சின்னு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ கோட்டுக்காரர் பக்கம்!

பத்தொன்பது வருஷம் நான் கத்தினேன். சாப்பிடும்போது கத்தினேன், துணி மடிக்கும்போது கத்தினேன், உனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து கத்தினேன். ஒரு வார்த்தை உன் காதில் ஏறியதா? "நீங்க அவர் கோட்டுல மயங்கிட்டீங்க அண்ணி" என்று கேலி செய்தாய். இப்போது திண்டு போட்டு உட்கார்ந்த ஒருத்தி மூன்றே மாதத்தில் உன்னைத் திருப்பிவிட்டாள். அப்படி என்ன சொன்னாள்? நான் சொல்லாததை என்ன சொல்லிவிட்டாள்?

அவர் இருக்க வேண்டும் என்று நீ எழுதியதைப் படித்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிறு எரிந்தது. என் சீட், என் மேனேஜர், என் நாத்தனார், எல்லாம் மொத்தமாக அவளுக்குப் போய்விட்டதுபோல இருந்தது.

இன்னொன்றும் தோன்றுகிறது. ஒருவேளை அன்றெல்லாம் நீ சொன்னதுதான் சரியோ? இருபத்தொரு வருஷம் ஒரே மனிதர் போதும். போகட்டும்.

அண்ணி

நவம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். கோட்டுக்காரர் போகட்டும் என்று நீங்கள் மனதாரச் சொல்ல மாட்டீர்கள், எனக்குத் தெரியாதா?

நான் ஏன் மாறினேன் என்று கேட்கிறீர்கள். எழுத வெட்கமாக இருக்கிறது. நேரில் வரும்போது சொல்கிறேன், நீங்களே சிரிப்பீர்கள். அதுவரை பல் டாக்டரைத் திட்டாதீர்கள், அந்த அம்மா பாட்டுக்குத் திண்டில் உட்கார்ந்திருக்கிறார்.

கூட்டத்தில் நானும் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். நான் எந்தக் கூட்டத்திலாவது வாயைத் திறந்திருக்கிறேனா? உங்கள் கடிதத்தை முதலில் வாசித்துவிட்டால் எனக்குத் தைரியம் வரும். செயலாளரிடம் அப்படியே சொல்லிவைத்திருக்கிறேன். அனுப்பிவிடுவீர்கள் அல்லவா?

அன்புடன்,
சின்னு

நவம்பர் 27

சின்னு,

செயலாளருக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன்.

அண்ணி

டிசம்பர் 8

அண்ணிக்கு,

சனிக்கிழமை கூட்டம் முடிந்தது. நேற்றே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இன்று கடையில் மதியம் ஆள் வராத நேரத்தில், லென்ஸ் தேய்க்கிற மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கூடம் நிறைந்து வழிந்தது. கோட்டுக்காரர் முதல் வரிசையில், ஓரத்தில், அதே சாம்பல் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். செயலாளர் உங்கள் பெயரைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நானும்தான். கையில் நான் பேச வேண்டிய தாள். உங்களுக்கு அடுத்து நான் என்பதால் முன்னாலேயே எழுந்து மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"இவர் மேனேஜர் இல்லை, மழைக்கு ஒதுங்கினவர். மழை விட்டும் போகவில்லை" என்று செயலாளர் ஆரம்பித்தார். கூடம் முழுக்கச் சிரித்தது. அது என் வரி. அடுத்த வரியும் என்னுடையது, அதற்கு அடுத்ததும். அவர் எதிர் டீமைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்க்கிறார் என்று நம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே நான் சொன்னது. நம் டீம் பிள்ளைகளுக்குப் பந்தைவிட அவர் கோட்டின் நிறம்தான் நன்றாகத் தெரியும் என்று அம்மாவைச் சிரிக்க வைக்க நான் சொன்னது. ஒன்றைக்கூட விடவில்லை அண்ணி. உங்கள் சொந்த வார்த்தை என்று ஒன்றுகூட அதில் இல்லை. என்னைக் குத்த என் நாக்கையே எடுத்துக்கொண்டீர்கள். என்னைத்தான் குத்த நினைத்தீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அது போய் உட்கார்ந்திருந்தவர் மேல் பட்டது.

வாசித்து முடித்ததும் கோட்டுக்காரர் எழுந்தார். கோபமே இல்லை. "வோட்டு வேண்டாங்க. இந்த அம்மா எனக்காக எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டவங்கன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கே அலுத்துப்போச்சுன்னா சரியாத்தான் இருக்கும். எல்லாருக்கும் நன்றி" என்றார். கதவருகே போய் நாலைந்து பேரிடம் கை கொடுத்தார். போய்விட்டார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. என்னைப் பேசக் கூப்பிடவும் இல்லை, யாருக்காகப் பேசுவது?

ஜோடி அட்டையை நேற்றுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. வடக்குப் பக்கம் நின்று பார்க்கிற இடத்துக்கு எனக்கு மட்டும் ஒரு அட்டை வாங்கியிருக்கிறேன். பல் டாக்டருக்கும் இது தெரியும். அவர் தனியாக எங்கேயோ பார்த்துக்கொள்கிறேன் என்றார். மூன்று வருஷம் கழித்து நீங்கள் வந்தால் வீடு உங்கள் வீடு, உங்கள் அறை அப்படியே இருக்கிறது. மைதானத்துக்கு மட்டும் நான் தனியாகப் போய்க்கொள்கிறேன்.

நேரில் சொல்வதாக வைத்திருந்ததை இங்கேயே எழுதிவிடுகிறேன். இனி சிரிக்க ஒன்றும் இல்லை.

பல் டாக்டர் என்னை மாற்றவில்லை. உட்கார்ந்த முதல் நாளே அவர், "இந்தக் கோட்டுக்காரரை எப்ப அனுப்பப் போறாங்க?" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் அதே பேச்சு, நான் பேசி வந்த அதே பேச்சு. அதை உங்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பேசினார். எனக்குப் பொறுக்கவில்லை. பதில் சொல்ல நீங்கள் பக்கத்தில் இல்லை. அதனால் நீங்கள் என்ன சொல்வீர்களோ அதை நான் சொன்னேன். முதலில் உங்கள் குரலில் கேலியாகத்தான் சொன்னேன். அப்புறம் வாராவாரம் சொல்லிச் சொல்லி, ஒருநாள் அது சரி என்று எனக்கே பட்டுவிட்டது. பத்தொன்பது வருஷம் நீங்கள் கத்தியதில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறாமல் போகவில்லை. எல்லாம் ஏறியிருந்தது. உங்களிடம் தோற்றேன் என்று எழுதத்தான் கை வரவில்லை.

கூட்டத்தில் என் கையில் இருந்த தாளில் இருந்ததும் நீங்கள் சொன்னவைதான். உங்கள் பக்கம் பேசத்தான் அண்ணி, நான் அங்கே எழுந்து நின்றிருந்தேன்.

சின்னு