சனிக்கிழமை யானை

அண்ணா,

இன்று காலை கைரேகை மெஷின் மாட்டுவதற்காக அலமாரியைக் காலி செய்தார்கள். நீங்கள் எழுதிவந்த வருகைப் பதிவேடு என் கைக்கு வந்தது. திறந்ததும் மோட்டார் வார்னிஷ் வாசனை. நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வாசனை மட்டும் அட்டையை விட்டுப் போகவில்லை.

தாமதத்துக்கான காரணங்களை மெஷினில் ஏற்ற வேண்டுமாம். கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். பழைய காரணங்களைப் பார்க்கலாமென்று பக்கங்களைப் புரட்டினேன். காய்ச்சல், கல்யாணம், துக்கம், பஸ் வரவில்லை. அப்புறம் என் பெயருக்கு நேராக, உங்கள் சாய்ந்த எழுத்தில், பன்னிரண்டு சனிக்கிழமைகள்: யானை.

மலையடிவாரத்தில் தொண்டாமுத்தூர்ப் பக்கமிருந்து வருகிற என் போன்றவர்களுக்கு வழியில் யானை மறித்தால் சம்பளம் பிடிக்கக் கூடாது என்பது நம் கம்பெனி வழக்கம். சம்பளம் போய்விடுமே என்று யானையைத் தாண்டி சைக்கிளை விட்ட ஒருவர் காலை உடைத்துக்கொண்ட பிறகு முதலாளி சொன்னது அது. அரசு செலவில் சனிக்கிழமை காலைகளில் இயந்திர வரைபடப் பயிற்சி நடக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு அந்த யானைதான் நினைவுக்கு வந்தது. பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது, பஸ் செலவுகூடத் தந்தார்கள். அரை நாள் விடுப்பைத்தான் யாரும் தரவில்லை. ஒரு வகுப்பு விட்டாலும் சான்றிதழ் இல்லை. பொய் தெரிந்தால் வேலை இல்லை.

ஆறாவது சனிக்கிழமை மதியம், மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

"ஏனம்மணி, உங்கூரு யானைக்குக் கெழம பாக்கத் தெரியுமா?"

"தெரியலீங்ணா."

"சனிக்கெழம மட்டும் வருதே. பெருமாள் பக்தரோ என்னமோ."

மொத்த வைண்டிங் பிரிவும் சிரித்தது. நான் சுற்றிக்கொண்டிருந்த கம்பி அறுந்தது. பிறகு தனியாக உங்களிடம் வந்து வகுப்பு நோட்டைக் காட்டி உண்மையைச் சொன்னேன். இரண்டு துளையுள்ள ஒரு தகடு, நான் போட்ட முதல் பாடம். அளவுக்கோட்டின் அம்புகளை உள்நோக்கி வரைய வேண்டிய இடத்தில் வெளிநோக்கி வரைந்திருந்தேன். வாத்தியார் சிவப்பில் சுழித்திருந்தார். அதை நெடுநேரம் பார்த்தீர்கள்.

"இதுக்குக் கவர்மெண்டே காசு கட்டுதா?"

"ஆமாங்ணா."

"இன்னும் எத்தன சனி?"

"ஆறுங்ணா."

"யானை இன்னும் ஆறு வாரம் சுத்தும்னு எழுதிப்போடறேன். நீ வாயத் தொறக்காத." நாலு அடி நடந்தவர் திரும்பினீர்கள். "ஏனம்மணி, அதுல சேர வயசு வரம்பு ஏதாச்சும் இருக்குதா? எனக்கில்ல. சும்மா கேக்கறேன்."

இல்லை என்றேன். சும்மாதான் கேட்கிறீர்கள் என்று நம்பியும் விட்டேன்.

சான்றிதழ் வாங்கி மாடியில் டிசைன் மேசைக்குப் போன பிறகு கீழே நடப்பது எனக்கு அதிகம் தெரியவில்லை. இன்றுதான் அடுத்த வருடத்துப் பக்கங்களைப் பார்த்தேன். உங்கள் பெயருக்கு நேராக நான்கு சனிக்கிழமைகள்: யானை. அண்ணா, உங்கள் வீடு நகருக்குள், சிங்காநல்லூரில். அங்கே யானை வந்திருந்தால் கோயமுத்தூரே திரண்டிருக்கும்!

ஐந்தாவது சனியிலிருந்து உங்கள் பெயருக்கு நேராக 'ஆஸ்பத்திரி' என்று வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு தகடு. இரண்டு துளை. அம்புகள் வெளிநோக்கி. நான் செய்த அதே தவறு. சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

ஐம்பத்து மூன்று வயதில் எந்த பெஞ்சில் உட்கார்ந்தீர்கள்? பக்கத்தில் யார்? மாடியில் நான் இருக்கும்போது அந்த அம்புகளைப் பற்றி ஏன் என்னிடம் கேட்கவில்லை? இவையெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும்போல் இருக்கிறது. இனி வழியில்லை.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். என் பன்னிரண்டையும் உங்கள் நான்கையும் காட்டி, எல்லாமே வகுப்புத்தான் என்று சொன்னேன். என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் சரி என்றுதான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சிங்காநல்லூர்ல யானையா? கையெழுத்துப் போட்டவன் நான்தானுங்களே. பாக்காம போட்டுட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அந்த மெஷின்ல பயிற்சின்னு ஒண்ணு சேத்துங்க. அரை நாள். சம்பளம் புடிக்க வேண்டாம். ஒரு வருஷம் பாப்போம்."

சேர்த்தேன். மாலையில், கீழே பெயர் எழுத இடம் விட்டு அறிவிப்பு ஒட்டினேன். எல்லோரும் படித்துவிட்டுப் போனார்கள். பேக்கிங்கில் இருக்கும் அக்கா மட்டும் கைப்பையை மாட்டியபடி நின்றார்.

"கண்ணு, இதுக்கு வயசு வரம்பு இருக்குதா? எனக்கில்ல, சும்மா கேட்டேன்."

இந்த முறை நான் நம்பவில்லை, அண்ணா. பேனாவை அவர் கையில் கொடுத்தேன்.