டொராண்டோ எவ்வளவு தூரம், அப்பா?

என் அன்பு அப்பாவுக்கு,

நேற்றிலிருந்து நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். நான் பயந்ததையும் சேர்த்துத்தான்.

அக்கா மேல்படிப்புக்குக் கனடா போகிறாள். நேற்று மாலை மாமா காரில் திருவனந்தபுரம் கூட்டிப்போய் விமானம் ஏற்றிவிட்டார். அங்கிருந்து டொராண்டோவுக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய பதினான்காயிரம் கிலோமீட்டர். நடுவில் வளைகுடாவில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தேன். நூல் வடக்கே பனிநாடுகள் பக்கம் வளைந்து போனது.

அவள் போய்ச் சேரும்வரை வீடு பெருக்கக் கூடாது, யாரும் தலைக்குக் குளிக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். குற்றாலச் சீசனுக்கென்று தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் அத்தைக்குத்தான் கோபம்.

“அருவியில தண்ணி கொட்டுது. நான் இங்கன மேலுக்கு மட்டும் ஊத்திக்கிட்டு கெடக்கணுமா மதினி? பஸ்ஸுல போனா சரி. பிளேனுல போறவளுக்கும் இதே சட்டமா?”

“எதுல போனாலும் எம் பிள்ளதான போறா.”

நீங்கள் இருந்தபோது அம்மா இதெல்லாம் பார்த்ததில்லை. அன்று நீங்கள் பைக்கில் கிளம்பியது குற்றாலத்துக்கு. வெறும் ஐந்து கிலோமீட்டர். சாரல்கூடப் பலமாக இல்லை. பாதி வழியில் வண்டி சறுக்கும் என்று யார் நினைத்தார்கள்?

இன்று மதியம், அத்லாண்டிக் கடல்மேல், கைப்பேசியில் அக்காவின் விமானம் போகும் இடத்தைக் காட்டும் படம் அசையாமல் நின்றது.

“ஏட்டி, ஏன் அங்கனயே நிக்குது?”

“நடுக்கடல்ல சிக்னல் கிடைக்காதும்மா. கொஞ்ச நேரத்துல நகரும்.”

“நீ படிச்சதச் சொல்லுத. ஒன் மூஞ்சி வேற சொல்லுது.”

உண்மைதான் அப்பா. திரையை விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

மாலையில் அக்காவே கூப்பிட்டாள். “இறங்கிட்டேம்மா.” அத்தை உடனே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“ஏர்போர்ட்டுல இருந்து ஒன் ரூம் எவ்வளவு தூரம்?”

“பக்கந்தான். கார்ல அரை மணி நேரம்.”

அம்மாவின் முகம் மாறிவிட்டது. “இனிமேத்தான் எனக்குப் பயமே” என்றாள். அத்தை துண்டைக் கீழே வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அரை மணி நேரம் கடந்தது. செய்தி இல்லை. நான் கூப்பிட்டேன், இணைப்பு கிடைக்கவில்லை. கடலையும் கண்டத்தையும் திரையில் பார்த்துவிட்டேன். அந்தச் சின்னச் சாலையை எதில் பார்ப்பது? அங்கேயும் மழை பெய்யுமா? அன்று உங்களுக்குப் பயப்படவாவது நேரம் இருந்ததா அப்பா?

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நூலகத்துக்குச் சைக்கிளில் போனாலும், போய்ச் சேர்ந்ததை அம்மாவுக்குச் சொல்லிவிடுவேன். பக்கம்தானே என்று ஒருநாளும் இருந்துவிட மாட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் செய்தி வந்துவிட்டது. வழியில் கைப்பேசியில் சார்ஜ் போய்விட்டதாம். அறைக்கு வந்து கதவைத் தாழிட்டாளாம். அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். அங்கே இப்போதுதான் காலை. ஆனாலும் கண் சொக்குகிறதாம். ஜன்னல் திரையை இழுத்து மூடி, விளக்கை அணைத்துவிட்டாளாம்.

இங்கே அம்மாவுடன் இருக்கும்
உங்கள் சின்ன மகள்