அம்மா பிடித்த சூரை மீன்

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய அவா என்று ஒரே வரியில் முடிக்க இந்தத் தடவை மனசு வரவில்லை, சொல்ல அவ்வளவு இருக்கிறது. மாப்பிள்ளைக்குச் சளி விட்டதா? மணிக்கட்டு முறிந்த நாளிலிருந்து அம்மா பேனாவைத் தொடாததால் எட்டு மாதமாக என் கிறுக்கலைத்தான் படித்துக்கொண்டிருக்கிறாய், பாவம். எலும்பு சேர்ந்துவிட்டது, சும்மா வைத்திருக்காதீர்கள் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டும் அவள் கேட்கவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் பதிவேடு எழுதிய கை, "இது இனிமே எதுக்கும் உதவாதுங்க" என்று மடியிலேயே கிடந்தது. தலை பின்னிவிடுவதுகூட நான்தான், அந்தப் பின்னலைப் பார்த்தால் நீ சிரிப்பாய்.

நிற்க. நீ ஏற்பாடு செய்த மீன்பிடிப் படகில் ஞாயிற்றுக்கிழமை ஆழ்கடலுக்குப் போய்வந்தோம். மீன் பிடிப்பது நான், ஃப்ளாஸ்க்கோடு வேடிக்கை பார்ப்பது அம்மா. பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்படிப் பீற்றிக்கொண்டு போனேனா, கரை மறைந்ததும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. வாளியைக் கட்டிக்கொண்டு சுருண்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தூண்டில் சக்கரம் கிர்ரென்று கத்தியது. அந்தப் படகில் ஒரு கட்டுப்பாடு. மீன் மாட்டிய பிறகு தூண்டில் கம்பில் இன்னொருத்தர் கை பட்டால் அது பிடித்தவர் மீன் ஆகாது, யார் என்ன பிடித்தார் என்று எழுதிப்போடும் படகுப் பலகையில் பேர் ஏறாது. "நான் தொடக்கூடாதும்மா, நீங்களே எடுங்க" என்று படகோட்டி கத்தினார். அம்மா என்னைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், கம்பை எடுத்துவிட்டாள்.

ஐம்பது நிமிஷம்! மீன் இழுத்தால் விட்டுக்கொடுத்தாள், களைத்தால் சக்கரத்தைச் சுற்றினாள். முறிந்து சேர்ந்த கையை வைத்துக்கொண்டு அவள் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் கம்பைத் தாங்கப் போனேன். "கையை எடுங்க! தொட்டீங்கன்னா தெரியும் சேதி" என்று ஒரு போடு போட்டாள் பார், நாற்பது வருஷத்தில் அப்படி ஒரு அதட்டல் வாங்கியதில்லை. கோபமா வந்தது? கண்ணில் தண்ணீர்தான் வந்தது. கடைசியில் கொக்கி போட்டு மேலே தூக்கினார்கள். சூரை, என் இடுப்புயரம், இருபத்திரண்டு கிலோ. "இவ்வளவு தெம்பை எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்தீங்க" என்று படகோட்டி அசந்துபோனார். இப்படிப்பட்டவளையா கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கே மலைப்பாக இருந்தது. ஆனால் பலகையில் பேர் எழுதச் சாக்பீஸை நீட்டியதும் எழுத வராதோ என்ற பழைய பயம் வந்துவிட்டது, "நீங்களே எழுதிடுங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டாள். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. எழுதிக்கொடுத்தேன்.

வேளைக்குச் சாப்பிடு. படகில் போவதாக இருந்தால் மட்டும் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறாதே, அனுபவஸ்தன் சொல்கிறேன். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க எங்கள் ஆசிகள்.

அன்புடன்,
அப்பா

பி.கு: மேலே உள்ளதைப் படித்துவிட்டு அம்மா கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். கீழே இருப்பது அவள் எழுத்து. கோணலாகத்தான் இருக்கும், பேனாவில் என் கை படவே இல்லை.

கண்ணு, இருபத்திரண்டு இல்லை, இருபத்து நாலு கிலோ. அம்மா.