கோட்டுப் பையில் பதினோரு நாள்

உ

சிகாமட்,
தாது வருஷம் ஆனி மாதம்
(20-6-1936)

அன்பு மகள் புஷ்பவள்ளிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், பினாங்கில் நீயும் மாமா வீட்டாரும் அப்படியே இருக்க முருகன் துணை நிற்பான். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. டுரியான் காலம் தொடங்கிவிட்டதால் ஸ்டேஷன் முழுக்க அதே வாசனை, கூடை கூடையாக ரயிலேறுகிறது. அடுத்த வீட்டுத் திலகத்துக்குப் பெண் குழந்தை பிறந்து பதினாறு நாளாகிறது, குழந்தை நல்ல நிறம். இதையெல்லாம் எழுதி இரண்டு பக்கத்தை நிரப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் அம்மா எதிரில் உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஆகையால் விஷயத்துக்கு வருகிறேன்.

போன கடிதத்தில் உனக்கு நான் எழுதியது பொய். நீ வேலை கேட்டு எழுதியிருந்த பினாங்குப் பத்திரிகை ஆபீசிலிருந்து எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை, அவர்கள் மறந்திருப்பார்கள், பள்ளிக்கூட வேலையே உனக்குப் போதும் என்று எழுதினேன் அல்லவா. கடிதம் வந்தது மகளே. ஆசிரியரே கைப்பட எழுதியிருந்தார், உங்கள் மகளின் எழுத்து எங்களுக்குப் பிடித்திருக்கிறது, பெண்பிள்ளையாயிருப்பதால் தகப்பனாரின் சம்மதம் எழுத்தில் வேண்டும், இந்த மாதத்துக்குள் தெரிவிக்கவும் என்று. அதைப் பதினோரு நாள் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ மறுகடிதத்தில் சரி அப்பா என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தாய். அதைப் படித்தபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

வேலை கிடைத்தால் என் நாள் இப்படி இருக்கும் அப்பா என்று முன்பு நீ நாலு பக்கம் எழுதினாயே, காலையில் ஆபீசுக்குப் போனதும் வெளியூர்த் தந்திகளைத் தமிழில் பெயர்ப்பேன், பத்து மணிக்குத் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலில் வந்திறங்கும் பெண்களிடம் எந்த ஊர், எந்தத் தோட்டத்துக்குப் போகிறீர்கள் என்று விசாரிப்பேன், மத்தியானம் கோர்ட்டு, சாயங்காலம் மை காயாத புரூப்பைத் திருத்திவிட்டு வீடு திரும்புவேன் என்று. அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. டிக்கெட் ஜன்னலில் நின்றபடியே அந்த நாளை நினைத்துக்கொள்வேன். நினைத்துப் பார்த்தால் துறைமுகத்தில் நிற்பது நீ இல்லை, நான். புரூப் திருத்துகிற கையும் என் கை. உன்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்துகொண்டேன். அந்த நினைப்பிலேயே ஒரு நாள் ஒரு தோட்டத்து அம்மாள், ஐயா நான் ஜெமாசுக்குக் கேட்டேன், லாபீசுக்குக் குடுத்திட்டீங்களே, இப்ப நான் எந்தப் பக்கம் போறது என்று சத்தம் போட்டாள்.

உனக்குப் பத்து வயதிருக்கும்போது இங்கே பெருவெள்ளம் வந்தது நினைவிருக்கும். மூன்று நாள் ஸ்டேஷன் மாடியிலிருந்து பார்த்ததையெல்லாம் ஏழு பக்கம் எழுதி சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். சிகாமட்டில் வெள்ளம், சேதம் அதிகம் என்று இரண்டு வரி வந்தது. அதன்பிறகும் வருஷக்கணக்காக எழுதி அனுப்பினேன், எதுவும் வரவில்லை. யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட. உன் எழுத்தை முதல் தடவையிலேயே அவர்கள் கேட்டு வாங்குகிறார்கள் என்றதும் சந்தோஷப்படத்தான் நினைத்தேன், நெஞ்சு எரிந்தது.

உன் அம்மா கோட்டைத் துவைக்க எடுத்தபோது உறை அகப்பட்டது. திலகத்திடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். ராத்திரி அதை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலையில் நானாகவே, பெண்பிள்ளை துறைமுகத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தால் ஊர் என்ன சொல்லும் கிருஷ்ணம்மா என்று ஆரம்பித்தேன். அவள், ஊருக்கு என்னங்க தெரியும், கடுதாசி உங்க கோட்டுலதான இருந்துச்சு, பெத்த பிள்ளை மேலயே பொறாமைப்படுறீங்களா என்று கேட்டாள். ஊர் பேசும் என்பதெல்லாம் நான் ஒளிந்துகொள்ளக் கிடைத்த இடம் மகளே. நீ பையனாயிருந்தாலும் வேறு ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போனதும் ஆசிரியருக்குத் தந்தி கொடுத்தேன், பூரண சம்மதம், தாமதம் என் குற்றம், வீரமுத்து என்று. மூன்று மணிக்குப் பதில் வந்தது, இடம் காலியாகத்தான் இருக்கிறது, ஜூலை முதல் தேதி வரச் சொல்லவும் என்று. கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதமும் நேற்றுத் தபாலில் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் முறைப்படி சொல்லிவிட்டு வா. துறைமுகத்துக்குப் போகும்போது குடை எடுத்துக்கொள், முதல் சில நாள் மாமாவையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொள். பசியோடு எழுதாதே. இன்று அவசரம் என்று யார் துரத்தினாலும் ஒருமுறை படித்துப் பார்க்காமல் கொடுக்காதே.

மன்னித்துவிடு என்று எழுதச் சொல்கிறாள் அம்மா. அவள் சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன். கோபமிருந்தால் கோபமாகவே பதில் எழுது, மறுபடியும் சரி அப்பா என்று மட்டும் எழுதிவிடாதே.

தீர்க்காயுசாக, நினைத்ததெல்லாம் கைகூடி நீ வாழ வேண்டும் என்பது எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். மாமாவுக்கும் மாமிக்கும் எங்கள் அன்பைச் சொல். நீ எழுதியது முதன்முதலாக அச்சாகும் பத்திரிகையை மறக்காமல் அனுப்பு. அம்மாவுக்குத் திலகம் அன்றைக்கே படித்துக் காட்டுவாள். எனக்கு மனசு வர இரண்டு நாள் ஆகலாம். ஆனாலும் படிப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சி. வீரமுத்து