அடுத்தடுத்து இரண்டு பெண்கள்

மார்ச் 4, செவ்வாய்

ஜூனா வேலின் பாட்டு இன்று வந்து சேர்ந்தது. போன கோடையில் வெள்ளி மினுங்கும் உடையில், புகைக்கு நடுவே, நாற்பது ஆட்டக்காரர்களோடு குதித்த அதே பாப் பாடகி. இப்போது கன்ட்ரி பாடுகிறாளாம், எங்கள் நிலையம் போடும் கிராமத்து இசை. அட்டைப்படத்தில் ஒரு தொப்பி, ஒரு வேலி, கையில் ஒரு கோழி. கோழியைக் கைப்பை மாதிரி இடுக்கியிருக்கிறாள். அந்தக் கோழியின் முகத்தில் இருந்த எரிச்சல்தான் எனக்கும்.

மேலாளர் ட்வைட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. “ஒரு நாளைக்கு அஞ்சு தடவை போடுங்க, ப்ரொபசரம்மா. கொறையவே கூடாது.”

நாக்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த குற்றத்துக்காக, இந்த மலையோர வானொலி நிலையத்தில் பத்தொன்பது வருடமாக நான் ப்ரொபசரம்மா. பாட்டு வரிசை போடுவது என் வேலை.

மார்ச் 5

ஐந்து இடத்துக்கு எங்கே போவது? மணிக்கு இரண்டு பெண்களுக்கு மேல் கூடாது. அந்த இரண்டும் அடுத்தடுத்து வரக் கூடாது. எங்கும் எழுதிவைக்காத விதி. நான் சேர்ந்த அன்று ட்வைட் சொன்னது: “ரெண்டு பொம்பளைங்க சேந்தாப்ல பாடுனா லாரிக்காரன் ஸ்டேஷனை மாத்திடுவான்.” கணினியில் பெண் குரலுக்கு ரோஜா நிறக் கோடு. இரண்டு ரோஜாக்கள் ஒட்டினால் அலறும்.

ஆக, ஒரு பெண் உள்ளே வந்தால் இன்னொரு பெண் வெளியே. வெளியே போனவள் ராண்டா கில்லம்.

ராண்டா என் தோழி. காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள், சனிக்கிழமைகளில் பாடுகிறாள். பதினாறு வருடம் காத்திருந்ததற்கு நாஷ்வில் இசைத்தட்டுக் கம்பெனி ஒன்று அவளுடைய ஒரே ஒரு பாட்டை வெளியிட்டிருக்கிறது. ஏப்ரல் முடியும்வரை எங்களைப் போன்ற நிலையங்களில் ஓடினால் முழு ஆல்பம். ஓடாவிட்டால் அவ்வளவுதான். நாளுக்கு நான்கு முறை ஓடிக்கொண்டிருந்ததை ஒன்றாக்கினேன். விடிவதற்கு முன், மூன்றரை மணிக்கு.

எல்லாம் அந்தக் கோழிக்காரியால்.

மார்ச் 7

ராண்டா கூப்பிட்டாள். பின்னால் பேருந்து உறுமிக்கொண்டிருந்தது.

“என்னடி, என் பாட்டைக் காணோம்? ஆந்தைக்குப் போடறியா?”

ஜூனாவைத் திட்டித் தீர்த்தேன். கன்ட்ரி என்றால் மாறுவேடப் போட்டியா, காசு இருந்தால் யாருடைய இடத்தில் வேண்டுமானாலும் வந்து உட்காரலாமா என்று. ராண்டா குறுக்கிட்டாள்.

“அவ மேல ஏன்டி பாயறே? ஒங்க ஸ்டேஷன்ல பாட்டு வரிசை போடறது அவளா?”

பிறகு, “பில்லி, ஜன்னல்லேர்ந்து கையை உள்ள எடு!” என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

மார்ச் 8

கோபம். யார் மேல் என்று எழுத மாட்டேன்.

மார்ச் 12, புதன்

ஜூனா வேல் நேரில் வந்தாள். புதுப் பாட்டு வந்தால் நிலையம் நிலையமாக ஏறி இறங்கி, கேக் கொடுத்து, பாடிக் காட்ட வேண்டும். யாராக இருந்தாலும் அதுதான் இங்கே வழக்கம். எங்கள் கூட்ட அறையில், காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, ஒற்றை கிட்டாரோடு பாடினாள். மோசமில்லை. சரி, நன்றாகவே பாடினாள். இதை எழுதக் கை வரவில்லை.

“ஏன் இந்தப் பக்கம் வந்தீங்க?” என்று கேட்டேன்.

“பாப்ல முப்பத்தி மூணு வயசானா கெழவிங்க, மேடம். இங்கயாவது கொஞ்சம் வயசாகலாம்னாங்க.”

என் திரையை எட்டிப் பார்த்தாள். “என் பாட்டுக்கு அடுத்தது யாரு?”

“ஒரு ஆண்.”

“முன்னாடி?”

“ஆண்.”

விதியைச் சொன்னேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். “நெஜமாவா? எங்க பக்கம் ஏழெட்டுப் பொண்ணுங்க வரிசையா வருவோமே. யாரும் சாகலையே!”

“இது கன்ட்ரி, கண்ணு,” என்றார் ட்வைட்.

அப்போது நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நேயர்களின் பழக்கம், விளம்பரதாரர்களின் கவலை என்று நிதானமான குரலில் விளக்கினேன். வகுப்பெடுத்தேன். என் குரலை நானே கேட்டேன். சீ.

ராண்டாவைப் பற்றியும் சொன்னேன். ஜூனா புறப்படும்போது, “அந்த வாண்டாவை விசாரிச்சேன்னு சொல்லுங்க,” என்றாள். பெயரே தப்பு. அவள் தேவதை ஒன்றுமில்லை. ஆனால் ராண்டாவின் இடத்தை எடுத்தது அவளில்லை. என் விரல்.

மார்ச் 13

ட்வைட்டிடம் கேட்டேன். “எந்த லாரிக்காரன்? ஒரு பேர் சொல்லுங்க.”

“ஆராய்ச்சி சொல்லுதும்மா.”

“எந்த ஆராய்ச்சி? எந்த வருஷம்? யார் செஞ்சது?”

“ப்ரொபசரம்மா, எனக்குப் பல் டாக்டர்கிட்ட நேரமாச்சு.”

பத்தொன்பது வருடம்! ஒரு பரீட்சைத் தாளில் மாணவன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். நானோ இதை வைத்துத் தினமும் வரிசை போட்டேன். எத்தனை பெண்களை மூன்றரை மணிக்குத் தள்ளினேன்? கணினியில் தேடினால் கிடைக்கும். தேடவில்லை.

மார்ச் 17, திங்கள்

காலை ஆறு நாற்பது. ஜூனா வேல். அடுத்து ராண்டா கில்லம். கணினி அலறியது. ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

எட்டு மணிவரை ஒரே ஒரு அழைப்பு. தீயணைப்பு நிலையத்தின் மீன் வறுவல் விருந்து வெள்ளியா சனியா என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

ஏப்ரல் 9

மூன்று வாரமாகத் தினமும் ராண்டா நான்கு முறை. ட்வைட் இன்றுதான் கவனித்தார். முகம் சிவந்தது. நேயர் கணக்கைப் பார்த்தார். இறங்கவில்லை. “எல்லாம் என் காதுல போட்டுட்டு செய்யணும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கம்பெனி ராண்டாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டது. பாட்டு நன்றாக ஓடியதாம். மகிழ்ச்சியாம். ஆனால் இந்த வருடத்துக்கு ஒரு பெண்ணை ஏற்கெனவே எடுத்துவிட்டார்களாம்.

ஒரு பெண்ணை. ஏற்கெனவே.

“யாரு தெரியுமா?” என்றாள் ராண்டா. “உன் கோழிக்காரி.” சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. “சரிடி. மூணு மணிக்குப் பிள்ளைங்க வெளிய வந்துடும்.”

ஏப்ரல் 30

ஏழு மணிக்கு ராண்டா. அவளுக்குப் பின் ஜூனா. அவளுக்குப் பின், தெற்கு மாவட்டத்திலிருந்து பாட்டை மூன்று முறை அனுப்பி நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத ஒருத்தி. பெயர் நெல்டா ப்ரூயெட்.

ட்வைட் காபிக் கோப்பையோடு கதவில் வந்து நின்றார். “உங்களுக்கு வேலை வேணாமா?”

“வேணும். அதைத்தான் செய்யறேன்.”

அவர் நின்றுகொண்டே இருந்தார். மூன்றாவது பாட்டு முடிந்தது. நான்காவதும் பெண்தான். கணினியின் தவறு என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை, நான்தான் போட்டேன்.