ஏரிக்கு முன் படியைப் பார்த்த பயணம்

அக்கா,

இன்று முழங்காலுக்கு யூகலிப்டஸ் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனையோடு கொடைக்கானல் வந்தது, கூடவே நீங்களும்.

எழுபதுகளின் தொடக்கம். கோட்டையூர் வீட்டுக்கு நான் இளைய மருமகளாக வந்தபோதே, மூத்த மருமகளான நீங்கள் சக்கர நாற்காலியில்தான் இருந்தீர்கள். ஒரு விஷக்காய்ச்சல் கால்களை முடக்கிவிட்டிருந்தது. நாற்காலி, உங்கள் வீட்டுக்காரர், அத்தான், பினாங்கிலிருந்து கப்பலில் அனுப்பியது. ஆஸ்பத்திரியைத் தவிர அது வேறெங்கும் போனதில்லை. ஒரு மத்தியானம் வெங்காயம் உரித்தபடி, "கொடைக்கானல் ஏரியைச் சுத்தி ரோடு சமமா இருக்காமே" என்றீர்கள்.

நம் மாமியார் சம்மதிக்கவில்லை. "மலையில எல்லாம் படியும் மேடுமா இருக்கும். உன்னைத் தூக்கிக்கிட்டா திரியிறது?"

"தூக்குற இடத்துக்கு நான் போக மாட்டேன் அத்தை" என்றீர்கள். பிறகு என்னிடம், "நீயும் கொழுந்தனும் முதல்ல போயிட்டு வாங்க. ஏரி எங்கயும் போயிராது. படியைப் பாரு."

கல்யாணமாகி நானும் இவரும் சேர்ந்து போன முதல் வெளியூர் அதுதான். மலைக்குப் போய் வாசற்படிகளையும் கக்கூஸ் கதவுகளையும் பார்த்துத் திரிந்தோம். நாற்காலியின் அகலத்துக்குக் கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துப்போயிருந்தேன். லாட்ஜ்காரர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைசியில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. வாசலில் ஒரே படி. ஒரு பலகை சாய்த்தால் போதும்.

திரும்பி வந்து சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "வழியில?" என்றீர்கள். எனக்குப் புரியவில்லை. "பரவாயில்ல. முதல் நாளே தண்ணி குடிக்கிறதை நிறுத்திருவேன். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அப்படித்தான்."

வழியில் கக்கூஸுக்கு என்ன செய்வீர்கள் என்று இத்தனை வருஷமாக யாரும் கேட்டதில்லை என்பது என்னைச் சுட்டது. மலையடிவாரத்துக்கு முன்னால் வத்தலக்குண்டில் இவருடைய சிநேகிதர் வீடு இருந்தது. அங்கே பேசி, குளியலறையையும் பார்த்துவிட்டு வந்தோம். புறப்பட்ட அன்று கையை ஊன்றி நீங்களே கார் சீட்டுக்கு நகர்ந்தீர்கள். மதுரை தாண்டியதும் ஒரு செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தீர்களே, அந்தப் பார்வைக்கு என்ன பேர் சொல்வது?

ஏரிக்கரை ரோட்டில் தள்ளிக்கொண்டு வந்த என்னிடம் "கையை எடு" என்றீர்கள். எடுத்தேன். சக்கரத்தை நீங்களே உருட்டிக்கொண்டு போய் வளைவில் மறைந்ததும் முந்தானையை இழுத்துச் செருகினேன். ஓடிவந்தேன். நீங்கள் தண்ணீரைப் பார்த்தபடி சுட்ட சோளக்கதிர் கடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"பயந்தே போயிட்டேன் அக்கா. சொல்லாம வந்துட்டீகளே."

"எப்பவும் யாராவது ஒருத்தர் என் முதுகுக்குப் பின்னாடி. தனியா இருந்து எத்தனை வருஷமாச்சு தெரியுமா? கொஞ்சம் அங்குட்டுப் போய் நில்லு."

குரலில் கோபமில்லை. தள்ளிப்போய் ஒரு மரத்தடியில் நின்றேன். மூடுபனி வந்து உங்களை மறைத்தது; நான் நகரவில்லை. நீங்களாகத் திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. குளிரா, அழுகையா என்று நான் கேட்கவில்லை.

மறு வருஷம் அத்தையே, "அடுத்து எங்க போறீக?" என்று கேட்டதில் உங்களுக்கு எவ்வளவு சிரிப்பு.

நீங்கள் போய் வருஷங்களாயிற்று. இப்போது இவருக்கு நடை தள்ளாடுகிறது. இவர் எழும்போது நான் சட்டென்று கை கொடுப்பதில்லை. "பிடிக்கவா?" என்று கேட்பேன். ஓடிவந்து தூக்கும் என் மருமகளின் கண்ணுக்கு நான் கல்நெஞ்சுக்காரி. சில நாள் இவர் "பிடி" என்பார். சில நாள் தலையை ஆட்டிவிட்டு, சுவரைத் தொட்டபடி தானாக வாசல்வரை போவார். திரும்பி வரும்வரை நான் இருந்த இடத்திலேயே இருப்பேன்.